இளம் நாற்றும் இளம் உழவரும்

ஒரே ஒரு நெல்மணியை மண்ணில் ஊன்றி வளர்த்தால் அதிலிருந்து எத்தனை நெல்மணிகள் கிடைக்கும்? நெல் விளையும் ஊரில் பிறந்தவர்கள்கூட இக்கேள்விக்கு உடனே விடை சொல்லத் தயங்குவர். ஏனெனில் வயலில் நாம் நெல்லைத் தனிச் செடியாகப் பார்ப்பதே இல்லை. நாற்றங்காலில் அது நெருக்கமாக வளர்கிறது. முடி முடியாகப் பறிக்கப்படுகிறது. குத்துக்கு மூன்று, நான்கு என்று நடப்படுகிறது. அறுவடையில் கட்டுக் கட்டாகக் களத்துக்கு வந்து சேர்கிறது. மூட்டைக் கணக்கு நமக்குத் தெரியும். செடிக் கணக்கு தெரியாது.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ இரண்டரை ஏக்கர் நிலத்துக்கு 40 கிலோ விதைநெல் செலவாகிறது என்று கொள்வோம். அறுவடையில் 5,000 கிலோ நெல் கிடைத்தால் நல்ல விளைச்சல் என்கிறோம். அப்படியானால் ஒரு மணி 125 மணிகளாகப் பெருகியிருக்கிறது. ஆனால் இடமும் ஒளியும் தாராளமாகக் கிடைக்கும் ஒற்றை நெற்செடி 30 தூர்கள் விட்டு, ஒவ்வொரு தூரும் 100 மணிகள் கொண்ட கதிரை ஈன்றால், அந்த ஒரு மணி 3,000 மணிகளாகிவிடும். 125 எங்கே, 3,000 எங்கே! நெற்செடிக்குள் இருக்கும் இந்த ஆற்றல் வயலில் ஏன் வெளிப்படுவதில்லை?

இக்கேள்விக்கு விடை தேடும் முயற்சி ஒன்று மடகாஸ்கர் தீவில் தொடங்கியது. பெரிய ஆராய்ச்சி நிலையத்தில் அன்று; கிராமத்து இளைஞர்களுக்காக நடத்தப்பட்ட ஒரு சிறு வேளாண்மைப் பள்ளியின் வயலில். இளைஞர்கள் உழவை விட்டு விலகுகிறார்கள் என்ற கவலை உலகெங்கும் கேட்கும் இந்நாளில், அந்த வயலின் கதை நமக்கு இரண்டு பாடங்களைத் தருகிறது. ஒன்று நெற்செடியைப் பற்றியது. மற்றொன்று அதனை நடும் மனிதரைப் பற்றியது.

அரிசித் தீவு

ஆப்பிரிக்காக் கண்டத்துக்குக் கிழக்கே, இந்தியப் பெருங்கடலில் அமைந்துள்ள பெருந்தீவு மடகாஸ்கர். அங்கே வாழ்வோரின் முன்னோரில் ஒரு பகுதியினர் தென்கிழக்கு ஆசியத் தீவுகளிலிருந்து கடல் கடந்து குடியேறியவர்கள். ஆகவே ஆப்பிரிக்காவின் பக்கத்தில் இருந்தாலும் அத்தீவின் தலையாய உணவு அரிசிதான். மலைச்சரிவுகளில் படிப்படியாக வெட்டிய கழனிகளைப் பார்த்தால் ஆசிய நாடு ஒன்றில் நிற்பதாகவே தோன்றும்.

ஆனால் விளைச்சல் குறைவு. 1980-களின் தொடக்கத்தில் ஒரு ஹெக்டேரில் சராசரியாகச் சுமார் 2 டன் நெல்லே கிடைத்தது. அப்போது தீவின் மக்கள்தொகை ஏறத்தாழ 90 லட்சம். இன்று அது சுமார் 3 கோடி. மக்களில் ஏறத்தாழ பாதிப்பேர் 20 வயதுக்கு உட்பட்டவர்கள். தந்தையின் சிறு நிலம் மக்களிடையே பாகமாகும்போது, ஒவ்வொருவர் பங்குக்கும் வருவது சில பாத்திகளே. போதாமற்போனவர்கள் காட்டை எரித்து மலைநிலத்தில் நெல் விதைக்கிறார்கள். சில ஆண்டுகளில் அந்த மண் வளமிழந்துவிட, அடுத்த காட்டுக்குத் தீ வைக்கிறார்கள். உலகில் வேறெங்கும் இல்லாத செடிகளும் விலங்குகளும் வாழும் காடுகள் இவ்வாறு அழிகின்றன.

இருக்கும் நிலத்தில் கூடுதலாக விளைவிக்க வேண்டும். உரத்துக்கும் மருந்துக்கும் பணமில்லாத குடும்பத்தாலும் அது முடிய வேண்டும். மடகாஸ்கரின் இளம் உழவன் முன் நின்ற கேள்வி இதுதான்.

பள்ளி வயலில் நடந்தது

ஹென்றி டி லோலானியே என்பவர் பிரான்சு நாட்டவர். இளமையில் வேளாண்மைக் கல்வி பயின்று, பின்னர் இயேசு சபையில் சேர்ந்து பாதிரியாரானார். 1961-இல் மடகாஸ்கருக்கு வந்த அவர், 1995-இல் மறையும் வரை அங்கேயே உழைத்தார். வந்தவுடன் அவர் உபதேசம் செய்யத் தொடங்கவில்லை. உழவர் வயல்களைச் சுற்றிப் பார்த்தார். சிலர் குத்துக்கு ஒரே நாற்று நடுவதைக் கண்டார். சிலர் வயலில் எப்போதும் தண்ணீர் கட்டி வைக்காமல் அவ்வப்போது வடிய விடுவதைக் கண்டார். அவர்களின் பயிர் ஒன்றும் நலிந்துவிடவில்லை. சில இடங்களில் மற்றவர் பயிரைக் காட்டிலும் செழித்திருந்தது. இவற்றையெல்லாம் குறித்துக்கொண்டார்.

1981-இல், தீவின் நடு மேட்டுநிலத்தில் உள்ள அன்ட்சிராபே நகரில், கிராமத்து இளைஞர்களுக்கென ஒரு வேளாண்மைப் பள்ளியை அவர் தொடங்கினார். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் அமைந்த குளிர்ந்த ஊர் அது. 1983-ஆம் ஆண்டுப் பருவத்தில் அங்கு மழை ஏமாற்றியது. காலம் கடந்துகொண்டிருந்தது. நாற்று முற்றும்வரை காத்திருக்க இயலாத நிலையில், 15 நாள் வயதே ஆன நாற்றுகளைப் பள்ளி வயலில் நட்டார்கள். ஒரு மாதத்துக்கு மேல் வளர்ந்த நாற்றை நடுவதே அங்கு வழக்கம். இந்தப் பிஞ்சு நாற்றுகள் தேறும் என்று எவரும் பெரிதாக எதிர்பார்க்கவில்லை.

ஆனால் நாட்கள் செல்லச் செல்ல, இளம் நாற்றுகள் வியக்கத்தக்க வகையில் தூர் கட்டின. மாணவர்களும் ஆசிரியரும் தூர்களை எண்ணினார்கள். தற்செயலாகக் கண்டதை அத்துடன் விட்டுவிடாமல், அடுத்தடுத்த பருவங்களில் 12 நாள், 10 நாள், 8 நாள் என்று வயதைக் குறைத்து நட்டுப் பார்த்தார்கள். பயிர் மேலும் மேலும் நன்றாகவே வந்தது.

இங்கே சற்று நின்று யோசியுங்கள். மழை தவறியபோது இளம் நாற்றை நட்ட உழவர்கள் உலகில் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். பட்டினிக்கு அஞ்சும் குடும்பம் அடுத்த ஆண்டு பழைய வழக்கத்துக்கே திரும்பிவிடும். தன் சோற்றைப் பணயம் வைத்து எவர் சோதனை செய்வார்? பள்ளி வயலில் அந்த அச்சம் குறைவு. அங்கே ஒரு பாத்தி பொய்த்தாலும் அது ஒரு பாடம். கேள்வி கேட்கும் வயதில் உள்ள மாணவர்கள், எண்ணிப் பார்க்கும் பழக்கம் உள்ள ஆசிரியர், தோற்றாலும் பாதகமில்லாத ஒரு துண்டு நிலம் ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் கூடியதால்தான் அந்தத் தற்செயல் ஓர் அறிவாக மாறிற்று.

தூர்களின் கணிதம்

இளம் நாற்று ஏன் அவ்வளவு தூர் விடுகிறது? லோலானியேவுக்கே முதலில் காரணம் தெரியவில்லை. 1980-களின் இறுதியில்தான் ஜப்பானிய அறிஞர் கடயாமாவின் பழைய ஆராய்ச்சி பற்றி அவர் படித்தார். நெல், கோதுமை போன்ற புல்லினப் பயிர்களில் தூர்கள் தோன்றும் ஒழுங்கை கடயாமா நுணுக்கமாக ஆராய்ந்திருந்தார்.

நெற்செடியின் தாய்த்தண்டில் ஓர் இலை தோன்றுவதற்கும் அடுத்த இலை தோன்றுவதற்கும் இடையே உள்ள காலத்தைப் பைலோக்ரான் என்பர். நாம் அதனை ‘இலை இடைவேளை’ என்று அழைப்போம். வெப்பமும் ஊட்டமும் நன்றாக அமைந்தால் இது சுமார் 5 நாட்கள். குளிர், வறட்சி, நெருக்கடி, மண் இறுக்கம் ஆகியவை இருந்தால் இடைவேளை நீளும்.

முதல் மூன்று இடைவேளைகளில் தாய்த்தண்டு மட்டுமே நிற்கும். நான்காவது இடைவேளையில் முதல் தூர் கிளம்பும். அதன்பின் தாய்த்தண்டு மட்டுமன்றி, பிறந்த தூர்களும் தம் முறை வந்ததும் புதிய தூர்களை ஈனத் தொடங்கும். தடை ஏதும் நேராவிட்டால், ஒவ்வோர் இடைவேளையின் முடிவிலும் உள்ள தண்டுகளின் எண்ணிக்கை இவ்வாறு அமையும்: 1, 1, 1, 2, 3, 5, 8, 13, 21, 33, 53, 84.

இவ்வரிசையைப் பார்த்ததும் கணக்கு மாணவர்கள் புன்னகை செய்வார்கள். முந்திய இரண்டு எண்களைக் கூட்டினால் அடுத்த எண் வருகிறது. ஃபிபோனாச்சி தொடர் அல்லவா இது! 21 வரை அப்படியே வருகிறது. அதன்பின் சற்றே குறைகிறது.

இப்போது நடவைக் கவனியுங்கள். நாற்றைப் பறிக்கும்போது வேர்கள் அறுபடுகின்றன. செடி அதிர்ச்சிக்கு உள்ளாகிறது. புதிய வேர் விட்டுத் தேறச் சில நாட்கள் பிடிக்கும். இந்த அதிர்ச்சி முதல் மூன்று இடைவேளைகளுக்குள் நேர்ந்தால் இழப்பு குறைவு; அப்போது பிறக்க வேண்டிய தூர் எதுவும் இல்லை. இரண்டு இலைகளே உள்ள அப்பருவத்தில் விதையில் மிச்சமிருக்கும் உணவும் நாற்றுக்குத் துணைசெய்யும். ஆனால் 30 நாள் நாற்றைப் பறித்து நட்டால், முதல் தூர்கள் கிளம்ப வேண்டிய நேரம் நாற்றங்கால் நெருக்கடியிலும் நடவு அதிர்ச்சியிலும் வீணாகிவிடுகிறது. முதல் தூர் பிறக்காவிட்டால் அதன் வழித்தோன்றல்களும் பிறப்பதில்லை. வட்டிக்கு வட்டி சேரும் கணக்கில் முதல் தவணையைத் தவறவிட்டவன் நிலை இதுதான்.

84 தண்டுகள் என்பது ஏட்டுக் கணக்கு. வயலில் அத்தனையும் வருவதில்லை. வந்தவை அனைத்தும் கதிர் ஈனுவதுமில்லை. ஆயினும் 5 தண்டுக்கும் 30 தண்டுக்கும் உள்ள வேறுபாட்டை இக்கணக்கு தெளிவாக விளக்கிவிடுகிறது. நாற்றின் பக்குவத்தை நாட்களைவிட இலைகளே சரியாகக் காட்டும் என்பதும் இதிலிருந்து விளங்கும். குளிர்ந்த அன்ட்சிராபேயில் 15 நாளில் வரும் பருவம், வெப்பமான சமவெளியில் அதற்கு முன்பே வந்துவிடக்கூடும்.

வேருக்கும் மூச்சு உண்டு

நெல் ஒரு நீர்த்தாவரம் என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் நெல் தண்ணீரில் நிற்கத் தாங்கும் செடியே தவிர, தண்ணீரிலேயே நிற்க வேண்டிய செடி அன்று.

வேர்களும் சுவாசிக்கின்றன. அதற்கு ஆக்சிஜன் தேவை. வயலில் நீர் நிறைந்து நின்றால் மண்ணின் நுண்துளைகளில் உள்ள காற்று வெளியேறிவிடுகிறது. நெல் இதற்கு ஒரு தந்திரம் செய்கிறது. அதன் வேரின் உட்பகுதியில் சில திசுக்கள் சிதைந்து காற்றுக் குழல்களாகின்றன. இலையிலிருந்து காற்று இக்குழல்கள் வழியே வேருக்கு இறங்குகிறது. இவ்வாறு உயிர் பிழைத்தாலும் செடி அதற்கு விலை கொடுக்கிறது. 1974-இல் வெளியான ஓர் இந்திய ஆய்வில், எப்போதும் நீர் தேங்கிய நிலையில் வளர்ந்த நெல்லின் வேர்களில் ஏறத்தாழ முக்கால் பங்கு, பூக்கும் தருணத்துக்குள் சிதைந்துபோயிருந்தது. மணி பால் பிடித்து முற்ற வேண்டிய நேரத்தில் செடிக்கு வேர் இல்லை!

பின் ஏன் உழவர் தண்ணீர் கட்டுகிறார்கள்? காரணம் களை. நின்ற நீரில் பல களைகள் முளைப்பதில்லை. ஆகவே நீரை வடியவிட்டால் களையை அடக்க வேறு வழி வேண்டும். அதற்காகத்தான் தள்ளிச் செல்லும் களைக்கருவி பயன்படுகிறது. முட்களோடு கூடிய அதன் உருளைகள் களையை மண்ணுக்குள் அமிழ்த்தி உரமாக்குகின்றன. கூடவே மண்ணைக் கிளறி வேருக்குக் காற்றும் தருகின்றன. கருவி குறுக்கும் நெடுக்குமாகச் செல்ல வேண்டுமானால் நடவு சதுரமாக இருக்க வேண்டும்.

இப்படித்தான் ஒன்றோடொன்று கோத்த முறை உருவாயிற்று: இளம் நாற்று, குத்துக்கு ஒன்று, அகன்ற சதுர இடைவெளி, காய்ச்சலும் பாய்ச்சலுமான நீர், களைக்கருவியால் மண் கிளறல், தொழு உரம் அல்லது மக்கிய குப்பை. கடைசி அம்சம் பின்னர் சேர்ந்தது. தொடக்கத்தில் லோலானியே இரசாயன உரத்தையே பயன்படுத்தினார். 1980-களின் இறுதியில் அந்நாட்டு அரசு உர மானியத்தை நிறுத்தியபோது, ஏழை உழவரால் உரம் வாங்க முடியவில்லை. பள்ளி மக்கு உரத்துக்கு மாறியது. விளைச்சல் குறையவில்லை.

விதையும் நீரும் காற்றும்

தொடக்கத்தில் போட்ட கணக்குக்குத் திரும்புவோம். செடிக்குச் செடி 25 செ.மீ. என்று சதுரமாக நட்டால் ஒரு சதுர மீட்டரில் 16 செடிகள். ஒரு ஹெக்டேரில் 1,60,000 செடிகள். ஒரு நெல்மணியின் எடை சுமார் 25 மில்லிகிராம். ஆக, 4 கிலோ விதை போதும். முளைக்காதவற்றுக்கும் சேதத்துக்கும் சேர்த்து 7 அல்லது 8 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். பழைய முறையில் சதுர மீட்டருக்கு 50 குத்து, குத்துக்கு 3 நாற்று என்றால் தேவை 37 கிலோவுக்கு மேல். மீதமாகும் 30 கிலோ நெல் சிறியதாகத் தோன்றலாம். விதைப்புக் காலத்தில் குதிர் காலியாகிக் கிடக்கும் வீட்டுக்கு அது பல நாள் உணவு.

நீரிலும் மிச்சம் உண்டு. மண்ணையும் மேலாண்மையையும் பொறுத்துப் பாசன நீரில் கால் பங்கிலிருந்து பாதி வரை சேமிக்கப்பட்டதாகப் பல நாடுகளின் சோதனைகள் கூறுகின்றன.

மூன்றாவது இலாபம் கண்ணுக்குத் தெரியாதது. காற்றில்லாச் சேற்றில் மீதேன் வாயுவை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. வேருக்குக் காற்றைக் கொண்டுவந்த அதே குழல்கள் வழியே இம்மீதேன் மேலேறி வெளியேறுகிறது. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் கரியமிலவாயுவைவிட ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைத் தக்கவைக்கும் வாயு இது. மனிதர் செயல்களால் வெளிப்படும் மீதேனில் சுமார் 8 முதல் 10 சதவீதம் நெல் வயல்களிலிருந்து வருகிறது. வயலை இடையிடையே காயவிட்டால் அந்நுண்ணுயிர்கள் அடங்குகின்றன. மீதேன் ஏறத்தாழ பாதியாகக்கூடக் குறையலாம். காய்ந்து நனையும் மண்ணிலிருந்து நைட்ரஸ் ஆக்சைடு என்ற மற்றொரு வாயு சற்றுக் கூடுதலாக வெளிவருவது உண்டு. அதைக் கழித்த பின்னும் பெரும்பாலும் இலாபமே மிஞ்சுகிறது. இன்றைய இளைஞர்கள் முதுமையில் அனுபவிக்கப்போகும் தட்பவெப்பம் ஓரளவு இன்றைய வயல் மடையில் தீர்மானமாகிறது.

தீவிலிருந்து தாமிரபரணிக்கு

1990-இல் லோலானியேவும் அவருடைய நண்பர்களும் ‘டெஃபி சைனா’ என்ற சங்கத்தை நிறுவினார்கள். ‘மனத்தைச் செம்மைப்படுத்துதல்’ என்பது அதன் பொருள். நெல்லைப் பெருக்குவதைவிட, நெல்லைப் பற்றிச் சிந்திக்கும் மனிதரை உருவாக்குவதே நோக்கம் என்பதை அப்பெயரே சொல்கிறது. 1993-இல் தம் முறையைப் பற்றி லோலானியே ஓர் அறிவியல் ஏட்டில் எழுதினார். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் நார்மன் அப்ஹாஃப் முதலில் இதனை நம்பவில்லை. ரானோமஃபானா காட்டுப் பகுதியை ஒட்டிய உழவர்களின் வயல்களில் 2 டன்னாக இருந்த விளைச்சல் சராசரியாக 8 டன்னை எட்டியதாகப் பல பருவங்களின் கணக்கு வந்தபின், அவரே இதனை உலகெங்கும் எடுத்துச் சென்றார். 1999-இல் சீனத்தின் நான்ஜிங்கில் சோதனை நடந்தது.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2000-ஆம் ஆண்டில் சோதனைகளைத் தொடங்கியது. பேராசிரியர் டி. எம். தியாகராஜன் இப்பணியில் முன்னின்றார். 2003-04-இல் காவிரிப் பாசனப் பகுதியில் 100, தாமிரபரணிப் பாசனப் பகுதியில் 100 என உழவர் வயல்களிலேயே ஒப்பீடு செய்யப்பட்டது. தாமிரபரணிப் பகுதியில் புதிய முறை ஹெக்டேருக்குச் சராசரியாக 7,227 கிலோ தந்தது. அதே உழவர்களின் வழக்கமான முறை 5,657 கிலோ தந்தது. ‘திருந்திய நெல் சாகுபடி’ என்று நாம் அறிந்திருப்பது இம்முறையைத்தான். தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டான 2010-இல் ‘இராஜராஜன் 1000’ என்ற பெயரும் இதற்குச் சூட்டப்பட்டது. ஒற்றை நாற்று நடவு நமக்கு முற்றிலும் புதிதுமன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சென்னை மாகாணத்தில் அது பரிந்துரைக்கப்பட்டிருந்தது. அப்போது அது நிலைக்கவில்லை.

ஐயம் கொள்வதும் அறிவியலே

இம்முறையை எல்லாரும் ஏற்றுக்கொண்டுவிடவில்லை. ஹெக்டேருக்கு 15 டன், 20 டன் என்று வந்த செய்திகளைப் பயிரியல் அறிஞர்கள் பலர் கடுமையாக மறுத்தார்கள். ஒரு நிலத்தில் விழும் சூரிய ஒளிக்கு ஓர் எல்லை உண்டு. அதை மீறி எந்தப் பயிரும் விளையாது என்பது அவர்கள் வாதம். 2004-இல் சின்க்ளேர், காஸ்மன் என்ற இரு அமெரிக்க அறிஞர்கள் இத்தகைய செய்திகளைப் பறக்கும் தட்டுக் கதைகளோடு ஒப்பிட்டு எழுதினார்கள். மடகாஸ்கருக்கு வெளியே கிடைத்த முடிவுகளை 2006-இல் தொகுத்த ஓர் ஆய்வு, அந்தந்த நாட்டின் மிகச் சிறந்த முறையோடு ஒப்பிட்டால் இது விஞ்சி நிற்கவில்லை என்றது. வேறு அறிஞர்கள் அதனை மறுத்தார்கள். பீகாரின் நாலந்தா மாவட்டத்தில் 2011-இல் ஓர் இளம் உழவர் ஹெக்டேருக்கு 22.4 டன் எடுத்ததாக வந்த செய்தியும் இதே வகையான சர்ச்சையைக் கிளப்பியது.

மாணவராகிய நீங்கள் இதிலிருந்து எதை எடுத்துக்கொள்வது? எதனோடு ஒப்பிடுகிறோம் என்பதே முதற்கேள்வி. ஆராய்ச்சி நிலையத்தின் சிறந்த வயலோடு ஒப்பிட்டால் வித்தியாசம் சிறிது. இரண்டு டன் எடுக்கும் ஏழை உழவரின் வயலோடு ஒப்பிட்டால் வித்தியாசம் பெரிது. விளைச்சல் கூடாவிட்டாலும், அதே விளைச்சலைக் குறைந்த விதையிலும் குறைந்த நீரிலும் எடுப்பது சாதனைதான்.

பசித்தவன் கைவிட்டது ஏன்?

எல்லாவற்றையும்விடக் கசப்பான பாடம் மடகாஸ்கரிலிருந்தே வந்தது. கிறிஸ்டின் மோசர், கிறிஸ்டோபர் பாரெட் என்ற இரு பொருளியல் அறிஞர்கள் அங்கே சில கிராமங்களை ஆராய்ந்து 2003-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். முறையை முயன்று பார்த்தவர்கள் குறைவு. முயன்றவர்களிலும் கணிசமானோர் அதைக் கைவிட்டிருந்தார்கள். விளைச்சல் கூடியது என்று தெரிந்தும் ஏன் விட்டார்கள்?

காரணம் இதுதான். நாற்று நடும் பருவமும் வீட்டில் அரிசி தீர்ந்துபோகும் பருவமும் ஒன்று. அப்போது ஏழை உழவன் அன்றாடச் சோற்றுக்காகப் பிறர் வயலில் கூலிக்குப் போகிறான். ஒவ்வொரு பிஞ்சு நாற்றையும் பக்குவமாக எடுத்து நடவும், நீரை நாள்தோறும் பார்க்கவும், பலமுறை களைக்கருவி ஓட்டவும் தன் வயலில் அவனுக்கு நேரம் எங்கே? நான்கு மாதம் கழித்து வரும் கூடுதல் நெல் இன்றிரவு உலையை ஏற்றாது. விலை கொடுத்து வாங்கும் பொருள் எதுவும் தேவையில்லை என்று போற்றப்பட்ட முறை, ஏழையிடம் மிகவும் அரிதாக இருந்த பொருளையே கேட்டது, அதுதான் நேரம்.

‘இளைஞர்கள் வயலுக்குத் திரும்ப வேண்டும்’ என்று மேடைகளில் பேசுவோர் இந்த ஆய்வை நினைவில் கொள்ள வேண்டும். ஆர்வம் மட்டும் போதாது. சொந்தமாகவோ குத்தகையாகவோ கைக்கு எட்டும் நிலம், சரியான நேரத்தில் திறக்கும் மடை, தோள் வலிக்காத கருவி, அறுவடை வரை தாங்கும் சிறு கடன் ஆகியவை வேண்டும். தமிழ்நாட்டிலும் இதைக் கண்டோம். பாய் நாற்றங்கால், நடவுக் கோடு போடும் உருளை, கோனோ களைக்கருவி ஆகியவை வந்த பிறகே முறை பரவியது. கைக்களை எடுப்போர் பெரும்பாலும் பெண்கள். அவர்கள் கைக்கு ஏற்ற எடை குறைந்த கருவி இல்லாத இடங்களில் வேலை தேங்கியது. நீரை உடனுக்குடன் விடவும் வடிக்கவும் வசதியற்ற கடைமடை வயல்களில் காய்ச்சலும் பாய்ச்சலும் பேச்சளவில் நின்றது. வழிவழியாக நட்டுப் பழகிய கைகள், விரலளவு நாற்றைக் கண்டு முதலில் தயங்கியதும் இயல்பே.

ஆயினும் அன்ட்சிராபே வயல் சொல்லும் மற்றொரு உண்மையும் உண்டு. அங்கே இளைஞர்கள் வெறும் கைகளாக நடத்தப்படவில்லை. கண்களாகவும் கணக்கர்களாகவும் நடத்தப்பட்டார்கள். ‘இப்படித்தான் செய்ய வேண்டும்’ என்ற கட்டளையின்றி, ‘இப்படிச் செய்தால் என்ன ஆகும்?’ என்ற கேள்வி அவர்கள் முன் வைக்கப்பட்டது. வயல் என்பது படிப்பு வராதவன் போகும் இடம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லியே அதை அவர்களிடமிருந்து நாம் பிரித்துவிட்டோம். மூளைக்கு வேலை தரும் இடமாக வயல் மாறினால், கூடவே வயிற்றுக்கும் அது வழி செய்தால், இளைஞர் அங்கே நிற்பார்கள். இரண்டில் ஒன்று குறைந்தாலும் நிற்க மாட்டார்கள்.

நீங்களே செய்து பாருங்கள்

வயல் இல்லாதவர்களும் இச்சோதனையைச் செய்யலாம். ஆறு பழைய வாளிகளை எடுத்துக்கொள்ளுங்கள். அனைத்திலும் ஒரே வகை வயல்மண்ணும் மக்கிய எருவும் ஒரே அளவில் நிரப்புங்கள். ஒரு தட்டில் சிறிது விதைநெல்லை முளைகட்டி விதையுங்கள். 18 நாட்கள் கழித்து, வேறொரு தட்டில் அதே இரக விதையை விதையுங்கள். மேலும் 12 நாட்கள் சென்றதும் இரண்டையும் ஒரே நாளில் நடுங்கள்: மூன்று வாளிகளில் 30 நாள் நாற்று, மூன்று வாளிகளில் 12 நாள் நாற்று, வாளிக்கு ஒன்றே ஒன்று. நாற்றை இழுத்துப் பறிக்காமல், மண்ணோடும் ஒட்டிய விதையோடும் பெயர்த்தெடுத்து, வேர் உலருமுன் மேலாக வையுங்கள். வேர்நுனி மேல்நோக்கி வளைந்துவிடக் கூடாது. வெயில் நன்றாகப் படும் இடத்தில் ஆறு வாளிகளையும் வைத்து, மண் ஈரமாக இருக்கும்படி ஒரே அளவில் நீர் ஊற்றுங்கள்.

வாரம் ஒரு நாள் தண்டுகளை எண்ணி ஏட்டில் குறியுங்கள். நாற்றின் வயதைத் தவிர வேறு எதையும் மாற்றாமல் இருப்பது முக்கியம். இல்லையேல் எது காரணம் என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு வகையிலும் மூன்று வாளிகள் வைப்பதும் அதனால்தான். ஒன்றை ஆடு மேய்ந்துவிட்டாலும் சோதனை நிற்காது. அடுத்த பருவத்தில் நீரை மட்டும் மாற்றிப் பாருங்கள்.

எண்ணிக்கை இக்கட்டுரையில் கண்ட வரிசையோடு ஒத்து வருகிறதா, எந்த இடத்தில் பிரிகிறது என்று பாருங்கள். பிரிந்தால் வருந்த வேண்டாம். ஏன் பிரிந்தது என்று கேளுங்கள். உங்கள் ஏட்டை ஊரில் நெல் பயிரிடும் ஒரு பெரியவரிடம் காட்டுங்கள். அவர் கண்டதை அவரும் சொல்வார். அந்தப் பேச்சில் அடுத்த பருவத்துக்கான கேள்வி ஒன்று கிடைக்கும்.